கூலீஸ் ரீல், குரோமாட்டிக் மவுத் ஆர்கன்: ஏழாவது கட்டத்தில் தடுக்கி விழுகிறேன்

கால்வேமழை
ஞாயிறு, இரவு 11.50

வணக்கம். இரண்டு வருடமாக இந்தப் பக்கம் வந்து படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன் நான். இன்று வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

வேலை அயர்லாந்தில், கால்வேயில். மவுத் ஆர்கன் அப்பாவிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம். பழைய சினிமாப் பாட்டெல்லாம் ஓரளவு வரும். கையில் இருப்பது 12 துளை குரோமாட்டிக், சி ஸ்கேல். ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு சுரம், இழுத்தால் ஒரு சுரம், பக்கத்துப் பட்டனை அழுத்தினால் அரை சுரம் மேலே. இங்கே ஒரு பப்பில் வாரம் ஒருநாள் செஷன் நடக்கும். மேடை, மைக் எதுவும் கிடையாது. மேசையைச் சுற்றி ஃபிடில், புல்லாங்குழல், அக்கார்டியன், பாஞ்சோ என்று எட்டுப் பத்துப் பேர் உட்காருவார்கள். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மூன்று தடவை சுற்றிவிட்டு, இடைவெளியே விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். நான் ஆறு மாதமாகக் காலால் தாளம் தட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே ஒரு ரீலாவது (வேகமான ஐரிஷ் நடன மெட்டு) சேர்ந்து வாசித்துவிட வேண்டும் என்று கூலீஸ் ரீலை எடுத்தேன். மெதுவாக வாசித்தால் ஒரு தப்பும் இல்லை. மெட்ரோனோம் நிமிடத்துக்கு 80 தட்டைத் தாண்டினால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். ஒன்று, முதல் பகுதியின் ஏழாவது கட்டம் (ஒரு கட்டம் என்றால் எட்டு எண்ணிக்கை). மெட்டு மேலே ஏறிவிட்டு இறங்குகிற இடம். பட்டன் விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகிறது. இன்னொன்று மூச்சு. முதல் பகுதியைத் திருப்பி வாசிக்கும்போது நெஞ்சு அடைத்துவிடுகிறது. மூச்சுப் போதவில்லை போலிருக்கிறது என்று நன்றாக இழுத்து நிரப்பிக்கொண்டு தொடங்கிப் பார்த்தேன். முன்னைவிட மோசம்.

பப்பில் அவர்கள் போகும் வேகம் 112. ஒரு தட்டுக்கு நான்கு சுரம். கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏழரை சுரம் வருகிறது. 43 வயதில் இது நடக்கிற காரியமா? இல்லை, பேசாமல் கைதட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாமா?

பத்துரூபா விசில்
திங்கள், காலை 7.15

கூலி கொடுக்காமல் கூலீஸ் வருமா அண்ணா?

மன்னிக்கவும், தலைப்பைப் பார்த்ததிலிருந்து நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தது. ஜோ கூலி என்ற அக்கார்டியன்காரரின் பெயரால் வழங்கும் ரீல் அது. 1924-இல் பிறந்தவர், 1973-இல் போய்ச் சேர்ந்தார். ஊர் பீட்டர்ஸ்வெல், உங்கள் கால்வே மாவட்டமேதான். அவர் ஊர்க்காரர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவர் ரீலிலேயே தடுக்கி விழுகிறீர்கள், அந்த தைரியத்துக்கு ஒரு வணக்கம்.

நான் டின் விசில். ஆறு துளை, ஒரே திசையில் காற்று. உங்கள் சங்கடம் புரிகிற அளவுக்கு எனக்கு அறிவு இல்லை. பெரியவர்கள் வரட்டும்.

சுரவரிசை
திங்கள், மதியம் 1.30

மவுத் ஆர்கன் எனக்குத் தெரியாது. வயலின்காரி. ஆனால் இந்த ரீலை ஒருமுறை என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அதற்காகச் சுரத்தில் எழுதி வைத்தது இருக்கிறது. உதவுமா பாருங்கள். இ (E) என்ற மேற்கத்திய சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இதில் வரும் சுரமெல்லாம் அப்படியே கரகரப்பிரியா. கீழ் ஸ்தாயி நி-யை அடைப்புக்குள் போட்டிருக்கிறேன், மேல் ஸ்தாயிக்கு மேலே ஒரு கோடு. கமா என்றால் முன் சுரத்தை நீட்டுவது.

ச ப ப ம / ப , ச ப
ப , ம ப / நி ப ம க
ரி (நி) ம (நி) / ப (நி) ம (நி)
ரி (நி) ம (நி) / நி ம ரி க
ச ப ப ம / ப , ச ப
ப , ம ப / நி ச' ரி' க'
ம' ரி' ச' த / நி ப ம ரி
(நி) ச ரி (நி) / ச , , ,

எட்டு வரி, எட்டுக் கட்டம். இதுதான் முதல் பகுதி. இதை இரண்டு தடவை, அப்புறம் மேலே போகும் இரண்டாம் பகுதி இரண்டு தடவை. மொத்தம் 32 கட்டம். 112 வேகத்தில் அரை நிமிடம் கொஞ்சம் கூட.

ஒரு எச்சரிக்கை. கரகரப்பிரியா என்று சொன்னதும் க-வையும் நி-யையும் ஆட்டத் தொடங்கிவிடாதீர்கள். என் மாணவி ஒருத்தி ஆட்டினாள், ரீல் அந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. சுரம் எல்லாம் நேராக நிற்க வேண்டும். அடுத்தது, மூன்றாவது நான்காவது வரியைப் பாருங்கள். மெட்டு ச-வை விட்டுக் கீழ் நி-யில் போய்க் குடியேறிவிடுகிறது. தம்புராவோடு வளர்ந்த காதுக்கு அங்கே சுருதி நழுவின மாதிரி இருக்கும். கிட்டார் வைத்திருப்பவர் அந்த இடத்தில் கார்டை மாற்றுவார், கவனியுங்கள். அந்த இழுபறிதான் இந்த ரீலின் ருசி.

நாணல்காற்று
திங்கள், இரவு 9.05

அம்மா சுரம் எழுதிக் கொடுத்ததால் என் வேலை பாதி குறைந்தது. தம்பி, ஒரு பென்சில் எடு. ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே ஊதலா இழுப்பா என்று எழுது. ஊதலுக்கு ஊ, இழுப்புக்கு இ. முன்னால் துளை எண்ணையும் போட்டால் சி ஸ்கேலில் முதல் வரி இப்படி வரும்:

2ஊ 4இ 4இ 3இ / 4இ , 2ஊ 4இ

எட்டு எண்ணிக்கையில் ஆறு இழுப்பு. இரண்டாவது வரியில் கடைசி க மட்டும் 3ஊ, மீதி ஏழும் இழுப்பு. மூன்றாவது வரி 2இ, 1இ, 3இ, 1இ என்று போகிறது. எட்டும் இழுப்பு! நான்காவதில் மறுபடி ஏழு. கூட்டினால் 32-க்கு 28. நான்கு கட்டத்தில் உனக்கு மூச்சை வெளியே விடக் கிடைப்பது நான்கே நான்கு சுரம்.

நெஞ்சு ஏன் அடைக்கிறது என்று புரிகிறதா? உனக்குக் காற்றுக் குறையவில்லை. நிரம்பி வழிகிறது. நீ தொடங்கும் முன்னாலேயே இழுத்து நிரப்பிக்கொண்டால் மூன்றாவது கட்டத்தில் வைக்க இடம் ஏது? குடம் நிறைந்த பிறகு குழாயைத் திறந்துவிட்ட கதை. இந்த ரீலை சி ஸ்கேலில் வாசிக்கிறவன் மூச்சை நன்றாக வெளியே விட்டுவிட்டுக் காலி நெஞ்சோடு தொடங்க வேண்டும்.

இப்போதைக்கு இரண்டு வேலை செய். இரண்டாவது, நான்காவது கட்டத்தின் கடைசியில் வரும் க ஊதல்தானே. அங்கே மூக்கையும் திறந்துவிட்டு, வாயாலும் மூக்காலும் சேர்த்துத் தள்ளு. அப்புறம் 'ப ,' என்று நீட்டும் இடத்தில் ப-வைப் பாதியோடு நிறுத்தி, மிச்சப் பாதியில் ஒரு தடவை வெளியே விடு. யாருக்கும் தெரியாது. அங்கே புல்லாங்குழல்காரர்களும் இப்படித்தான் நடுவில் ஒரு சுரத்தை விழுங்கிவிட்டு மூச்சு வாங்குவார்கள். உனக்கு வாங்குவதற்குப் பதில் விடுவது.

ஏழாவது கட்டத்தில் நீ விழுவதில் ஆச்சரியமே இல்லை. ம', ரி', ச', த. சி ஸ்கேலில் ரி-க்கும் த-வுக்கும் பட்டன் வேண்டும். அப்போ பட்டன் விட்டு, அழுத்தி, விட்டு, அழுத்தி என்று ஒவ்வொரு சுரத்துக்கும் மாறுகிறது. அதே நேரத்தில் மூச்சு இழுப்பு, இழுப்பு, ஊதல், ஊதல். துளை 7, 6, 6, 5. மூன்று விஷயமும் மூன்று தாளத்தில் போகிறது. இதில் விழாதவனைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

கால்வேமழை
திங்கள், இரவு 10.20

ஐயா, காலி நெஞ்சோடு தொடங்கிப் பார்த்தேன். இத்தனை மாதம் தலைகீழாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். முதல் பகுதியை இரண்டு தடவையும் வாசித்து முடித்தேன், 85-இல். நெஞ்சு அடைப்பு பாதி போய்விட்டது. மகள் அறைக்கதவைத் திறந்து "அப்பா, ஏன் பாம்பு மாதிரி மூக்கில் சீறுகிறாய்?" என்று கேட்டாள். அது தனிப் பிரச்சினை.

அக்கா, சுரத்துக்கு நன்றி. கரகரப்பிரியா என்று தெரிந்ததும் மெட்டு மனதில் உட்கார்ந்துவிட்டது. இதுவரை வெறும் துளை எண்ணாகத்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

ஏழாவது கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

டயட்டோனிக்தாசன்
செவ்வாய், காலை 6.40

இதற்குத்தான் குரோமாட்டிக்கைத் தூக்கி வை என்கிறேன். பத்துத் துளை டயட்டோனிக்கில் ரீல் பறக்கும். வால்வு இல்லை, பட்டன் இல்லை, காற்று கசியாது. நியூசிலாந்துக்காரர் பிரெண்டன் பவர் இந்த இசைக்கென்றே பேடி ரிக்டர் என்று ஒரு டியூனிங்கைப் பரப்பியிருக்கிறார். 3-ஆம் துளையின் ஊதல் ரீடை (சுரம் எழுப்பும் உலோக நாக்கு) ஒரு முழுச் சுரம் ஏற்றினால் போதும், சாதா டயட்டோனிக்கின் கீழ் ஸ்தாயியில் விட்டுப்போன சுரம் கிடைத்துவிடும். கூலீஸுக்கு ஜி ஸ்கேல் பேடி ரிக்டர் எடுத்து, 5-ஆம் துளை இழுப்பையும் அரை சுரம் ஏற்றிவிடுங்கள். முதல் பகுதி முழுக்க பெண்டே இல்லாமல், அதாவது மூச்சால் சுரத்தை வளைக்காமல், வாசிக்கலாம். விலையும் குரோமாட்டிக்கில் ஒரு சிறு பங்குதான்.

நாணல்காற்று
செவ்வாய், காலை 8.10

தாசன் சொல்வது தப்பில்லை. ஆனால் தம்பி குரோமாட்டிக் பற்றிக் கேட்டிருக்கிறான். மோர் கேட்டவனுக்கு மோரைத்தான் ஊற்ற வேண்டும். ரீடைச் சுரண்டவும் தெரிந்திருக்க வேண்டும், முதல் தடவை சுரண்டுகிறவன் ரீடைக் கெடுக்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

பெட்டிக்காரன்
செவ்வாய், மாலை 5.45

டொராண்டோவிலிருந்து. நான் பொத்தான் அக்கார்டியன் வாசிக்கிறவன், இந்த இழையில் நுழைய ஒரே ஒரு காரணம் உண்டு. ஜோ கூலி வாசித்த பெட்டி டி, டி ஷார்ப். அதாவது ஒரு வரிசை டி ஸ்கேல், அடுத்த வரிசை அதற்கு அரை சுரம் மேலே. டி வரிசையில் அழுத்தினால் டி, எஃப் ஷார்ப், ஏ. இழுத்தால் இ, ஜி, பி, சி ஷார்ப். இதை அழுத்து-இழு பாணி என்பார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் துருத்தி திரும்புவதால் தாளம் தானாக எகிறும். அவர் வாசிப்பில் அந்தத் துள்ளல் இருக்கும்.

இப்போது ஒரு டி ஸ்கேல் குரோமாட்டிக்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊதினால் டி, எஃப் ஷார்ப், ஏ. இழுத்தால் இ, ஜி, பி, சி ஷார்ப். பட்டனை அழுத்தினால் எல்லாம் அரை சுரம் மேலே. கூலியின் பெட்டியை வாய்க்குள் வைத்த மாதிரிதான்! சி ஸ்கேலில் இந்த மெட்டோடு மல்லுக்கட்டுவது சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குள் போவது போல. வாசல் டி பக்கம் இருக்கிறது.

நாணல்காற்று சார் பாணியிலேயே எண்ணிப் பார்த்தேன். டி ஸ்கேலில் முதல் நான்கு கட்டம்: ஊதல் 18, இழுப்பு 14. பட்டன் ஒரு தடவைகூட வேண்டாம். முதல் இரண்டு கட்டத்தில் இழுப்பு அதிகம், அடுத்த இரண்டில் ஊதல் அதிகம். நிரப்பிவிட்டுக் காலி செய்கிற மாதிரி மெட்டே அமைந்திருக்கிறது. ஏழாவது கட்டம் 7ஊ 6ஊ 5இ 4இ. படிக்கட்டு இறங்குவது மாதிரி ஒவ்வொரு துளையாக இறங்கி வந்துவிடலாம்.

சுரவரிசை
செவ்வாய், மாலை 6.30

சந்தேகம் கேட்கலாமா? பட்டனே தேவையில்லை என்றால் எதற்குக் குரோமாட்டிக்? விலை கொடுத்து பட்டன் வாங்கி அதைத் தொடாமல் வாசிப்பதா?

பெட்டிக்காரன்
செவ்வாய், மாலை 7.00

நல்ல கேள்வி. இரண்டு காரணம். செஷனில் டி-க்கு அடுத்தபடியாக அதிகம் வருவது ஜி ஸ்கேல். அதற்கு ஷார்ப் இல்லாத சி (சி நேச்சுரல்) வேண்டும். டி ஆர்கனில் 3-ஆம் துளையை இழுத்து பட்டனை அழுத்தினால் அது வந்துவிடும். ஒரே கருவியில் இரண்டு ஸ்கேலையும் சமாளிக்கலாம்.

இரண்டாவது, அலங்காரம். 'ப ,' என்று நீட்டும் இடத்தில் ஃபிடில்காரர்கள் மேலும் கீழும் சுரத்தைத் தொட்டு ஒரு உருட்டு உருட்டுவார்கள். வாயில் அது முடியாது. ஆனால் ப-வை இழுத்துக்கொண்டே பட்டனை ஒரு தட்டுத் தட்டி எடுத்தால், சுரம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகக் கேட்கும். அரை சுரம் மேலே போவது ராகத்துக்கு வெளியேதான். இருந்தாலும் அது இருக்கும் நேரம் அவ்வளவு குறைவு, காதுக்கு சுரமாக எட்டாது, ஒரு சொடுக்காகத்தான் எட்டும். தட்டுவது சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் கெட்டது.

இன்னொரு கூட்டம் உண்டு. பட்டன் பட்டையைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். பல மாடல்களில் வாய்ப்பலகைத் திருகைக் கழற்றினால் செய்யக்கூடியதுதான். அப்படிச் செய்தால் பட்டன் அழுத்தாதபோது மேல் சுரம், அழுத்தினால் அரை சுரம் கீழே. சி ஷார்ப் ஸ்கேல் ஆர்கன் கிடைத்துத் திருப்பிப் போட்டால், சும்மா இருக்கும்போது டி, தட்டினால் சி ஷார்ப். கீழிருந்து தொடும் அலங்காரம் இந்த இசைக்கு இன்னும் இதமாக உட்காரும். ஆனால் இத்தனை வருடம் ஒரு பக்கமாகப் பழகிய விரலுக்கு அது நரகம்.

பத்துரூபா விசில்
செவ்வாய், இரவு 8.15

ஜி ஸ்கேல் ஆர்கன் எப்படி? என் நண்பன் ஒருவனிடம் சும்மா கிடக்கிறது.

நாணல்காற்று
செவ்வாய், இரவு 9.30

எண்ணிவிட்டேன். ஜி-யில் ஊதல் 20, இழுப்பு 12. பட்டனும் வேண்டாம், த வரும் இடம் தவிர. மூச்சுக் கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் தொடக்கத்தில் ச-விலிருந்து ப-வுக்குத் தாவ வேண்டுமே, அது ஜி-யில் 3-ஆம் துளையிலிருந்து 6-க்கு. நடுவில் இரண்டு துளையைத் தாண்டணும். குரோமாட்டிக்கில் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் நான்கு துளை, நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஒரே ஊதல் சுரம் இரட்டையாக இருக்கும். ஜி ஆர்கனில் அந்த இரட்டை சரியாக வழியில் வந்து படுத்துக்கிடக்கிறது. டி-யில் அதே தாவல் 1-இலிருந்து 3.

பெட்டிக்காரர் சொன்ன டி-தான் இந்த மெட்டுக்கு வீடு. நான் ஒத்துக்கொள்கிறேன். சி-யிலேயே எல்லாவற்றையும் வாசித்துவிட வேண்டும் என்பது என் வாத்தியார் போட்ட பழக்கம். ஜாஸ் வாசிக்கிறவர்களுக்கு அது சரி. டூட்ஸ் தீல்மன்ஸ் மாதிரி பன்னிரண்டு ஸ்கேலிலும் திரிகிறவர்களுக்கு ஒரே கருவி வேண்டும். இது நாட்டுப்புற நடன இசை, இரண்டு மூன்று ஸ்கேலுக்குள் சுற்றுவது. அயர்லாந்தில் குரோமாட்டிக்கில் பேர் வாங்கியவர் கவன் மாவட்டத்து எடி கிளார்க். ஜோ ரயன் என்ற ஃபிடில்காரரோடு அவர் வாசித்த பதிவு இருக்கிறது, தேடிக் கேள். வேகத்துக்காகக் கேட்காதே. இரண்டு கருவியும் எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று கேள்.

கால்வேமழை
புதன், காலை 8.00

டி ஸ்கேல் ஆர்டர் போட்டுவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அது வரும்வரை பயிற்சியை எப்படி வைத்துக்கொள்வது? நான் 60-இல் தொடங்கி, தப்பில்லாமல் வந்தால் 4 ஏற்றி, அப்படியே மேலே போகிறேன். 88-இல் மாதக்கணக்கில் நிற்கிறது.

சுரவரிசை
புதன், மதியம் 12.45

நாங்கள் மூன்று காலம் வாசிப்போம். முதல் காலம், இரட்டிப்பு, நாலு மடங்கு. நடுவில் ஏற்றம் கிடையாது. முதல் காலத்தில் பாடமாகிறது, மூன்றாம் காலத்தில் கை வேறு மாதிரி வேலை செய்கிறது. நாலு நாலாக ஏற்றும்போது மெதுவான கையையே வேகத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறீர்கள், அது ஒரு இடத்தில் நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

பெட்டிக்காரன்
புதன், மாலை 4.20

அக்கா சொல்வதுதான். நான் செய்வது இப்படி: நான்கு சுரம், அதற்கு அடுத்த கொத்தின் முதல் சுரம், ஆக ஐந்து. அதை மட்டும் முழு வேகத்தில், 112-இல். அப்புறம் நிறுத்து. ஒரு தட்டு ஓய்வு. மறுபடி அதே ஐந்து. ம' ரி' ச' த நி. அவ்வளவுதான். சரியாக வந்ததும் நி ப ம ரி (நி). பிறகு இரண்டையும் ஒட்டு. ஐந்தாவது சுரம் முக்கியம், கொத்துக்குள் யாரும் விழுவதில்லை, ஒட்டுப்போடும் இடத்தில்தான் விழுகிறார்கள்.

நாணல்காற்று
புதன், இரவு 9.50

இதில் நான் பாதிதான் ஒத்துப்போகிறேன். வேகத்தில் துண்டு துண்டாகப் பழகினவர்களுக்கு மெட்டு கடைசிவரை துண்டாகவே இருப்பதைக் கேட்டிருக்கிறேன். மெதுவாக வாசிக்கும்போது ரீலின் நடை வரவேண்டும். எட்டுச் சுரமும் தையல் மிஷின் மாதிரி ஒரே அளவில் விழக்கூடாது. ஒவ்வொரு நாலின் முதல் சுரத்தில் கொஞ்சம் சாய்ந்து, மற்றதை அதன் முதுகில் ஏற்றிவிட வேண்டும். அது 60-இல் வரவில்லை என்றால் 112-இலும் வராது. கிளேர் மாவட்டத்துக்காரர்கள் நிதானமாக வாசிப்பதைக் கேள். மார்ட்டின் ஹேஸின் ஃபிடிலில் ரீல் நடந்து போகும், ஆனாலும் கால் தானாக ஆடும்.

நாக்கு விஷயம் ஒன்று. மூன்றாவது நான்காவது கட்டத்தில் (நி) ம (நி) ப (நி) என்று ஒரே துளைக்குத் திரும்பத் திரும்ப வருகிறாயே, டி ஆர்கனில் அது 1-ஆம் துளையும் 3-ஆம் துளையும். ஆர்கனை இழுத்து இழுத்துத் தாவாதே, பல் போய்விடும். வாயை அகலமாக வைத்து 1, 2, 3 மூன்றையும் மூடு. நாக்கால் நடுத்துளையை அடை. இப்போது இடது ஓரத்தில் 1, வலது ஓரத்தில் 3. நாக்கை இப்படி ஒரு மயிரிழை, அப்படி ஒரு மயிரிழை நகர்த்தினால் சுரம் மாறும். ஆர்கன் அசையாது, தலை அசையாது. வருவதற்கு ஒரு மாதம் ஆகும். முதல் வாரம் எச்சில்தான் வரும்.

பத்துரூபா விசில்
புதன், இரவு 10.05

விசில் வாசிக்கிறவனாகப் பிறந்ததற்குத் தெய்வத்துக்கு நன்றி.

கால்வேமழை
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9.30

டி வந்தது. முதலில் வந்ததில் 4-ஆம் துளை இழுப்பு காற்றாகப் போனது, கடை பெயர் வேண்டாம், சண்டை போட்டு மாற்றி வாங்கினேன்.

முதல் நாள் எல்லாம் குழப்பம். எழுத்தைப் பார்த்து வாசிக்கிற ஆளாக இருந்தால் பைத்தியமே பிடித்திருக்கும். அக்காவின் சுரத்தை வைத்துக்கொண்டதால் தப்பித்தேன். நான்காம் நாள் ஏழாவது கட்டம் முதல் தடவையாகத் தடுக்காமல் இறங்கியது. எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்தேன். மறுபடியும் வந்தது.

இரண்டு கேள்வி. ஆறாவது கட்டத்தில் ப ம ப நி ச' என்று ஏறும்போது அந்த நி-யை 4-ஆம் துளையில் ஊதுவதா, 5-இல் ஊதுவதா? இரண்டிலும் அதே சுரம்தான். இன்னொன்று, இங்கே குளிர். பப்புக்கு நடந்து போய்ச் சேர்ந்ததும் வாசித்தால் சில சுரம் 'டப்' என்று ஒட்டிக்கொண்டு தாமதமாக வருகிறது.

நாணல்காற்று
ஞாயிறு, காலை 7.20

குளிர்தான் காரணம். ரீடுக்கு மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வால்வில் உன் மூச்சின் ஈரம் படிந்து ஒட்டிக்கொள்கிறது. சட்டைக்கு உள்பையில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு போ. போனதும் பத்து நிமிடம் கையில் பொத்தி வைத்திரு. கணப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே.

நி-க்கு: ஏறும்போது 5. அடுத்து ச' 5-ஆம் துளை இழுப்பு, இடம் மாறாமல் வந்துவிடும். ஏழாவது கட்டத்தில் இறங்கும்போது த 4-ஆம் துளை இழுப்பில் இருக்கிறாய், அதனால் அடுத்த நி-யை 4-இலேயே ஊது.

பெட்டிக்காரன்
ஞாயிறு, காலை 11.00

ஏறும்போதும் 4 என்பேன். ப 3-ஆம் துளையில் இருக்கிறது, பக்கத்தில் 4. ஒவ்வொரு அடியாகப் போனால் வாய்க்குப் பழக்கம் கெடாது. 3-இலிருந்து 5-க்குக் குதித்தால் நடுவில் ஒரு பொட்டுச் சத்தம் கேட்கும்.

நாணல்காற்று
ஞாயிறு, மதியம் 2.15

நாக்கு வைத்து வாசித்தால் கேட்காது.

பெட்டிக்காரன்
ஞாயிறு, மதியம் 2.40

அவருக்கு இன்னும் எச்சில் கட்டம் தாண்டவில்லையே சார்.

கால்வேமழை
ஞாயிறு, இரவு 8.00

தாண்டவில்லை. 4.

கால்வேமழை
ஏழு வாரம் கழித்து, வெள்ளி, பின்னிரவு 1.10

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

இன்று பாஞ்சோக்காரர் கூலீஸைத் தொடங்கினார். ஆர்கன் உள்பையிலேயே சூடாக இருந்தது. காலி நெஞ்சோடு, முதல் பகுதியின் இரண்டாம் சுற்றில் நுழைந்தேன். வேகம் 112-க்கும் மேலே இருந்திருக்கும். மூன்றாவது கட்டத்தில் இரண்டு சுரம் விழுங்கினேன். ஏழாவது கட்டம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். இறங்கிவிட்டது. இரண்டாம் பகுதியில் பாதியைக் கோட்டைவிட்டேன், அங்கே மேல் ச'-வைச் சுற்றியே வருவதால் மூச்சு வேறு கணக்காகிறது, அதை நான் இன்னும் எண்ணவே இல்லை. மறுபடி முதல் பகுதி வந்ததும் ஏறிக்கொண்டேன். மூன்றாம் சுற்றில் ப-வில் பட்டனைக்கூட ஒரு தட்டுத் தட்டினேன்.

அப்புறம் அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வைஸ் மெய்டு என்ற இன்னொரு ரீலுக்குத் தாவிவிட்டார்கள். நான் ச-வைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன்.

முடிந்ததும் பக்கத்திலிருந்த அக்கார்டியன் பெரியவர் ஆர்கனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனை நாலு தடவை அழுத்தினார். டி, டி ஷார்ப் என்றேன். தன் பெட்டியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். அவருடையதும் அதேதான்.

பத்துரூபா விசில்
வெள்ளி, காலை 7.00

கூலி கிடைத்துவிட்டது!

சுரவரிசை
வெள்ளி, காலை 9.40

பின்னிரவு 1.10-க்கு வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லையா?

வைஸ் மெய்டின் பதிவு எதுவும் கைவசம் இருந்தால் அனுப்புங்கள், சுரம் எழுதித் தருகிறேன். டி-யை ஷட்ஜமாக வைக்க வேண்டியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

நாணல்காற்று
வெள்ளி, இரவு 9.15

சுரம் வந்ததும் முதலில் பென்சிலை எடு. அதற்கு முன்னால் கூலீஸின் இரண்டாம் பகுதிக்கு ஊ, இ எழுதி இங்கே போடு. மேல் ச' டி ஆர்கனில் இழுப்பு, அதனால்தான் அங்கே மறுபடி நெஞ்சு நிரம்புகிறது. எங்கே வெளியே விடுவாய் என்று நீயே குறித்துக்கொண்டு வா, நான் பார்க்கிறேன்.

கால்வேமழை
சனி, காலை 10.30

எழுதிக்கொண்டிருக்கிறேன் ஐயா. வீட்டில் டி ஸ்கேல் விலை தெரிந்துவிட்டது, அதனால் இன்று கொஞ்சம் தாமதமாகும்.